ஒலி உண்டு, ஒளி இல்லை

பழைய வால்வுத் தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பாதுகாத்து வருவோரும் அவற்றைச் செப்பனிடுவோரும் அடிக்கடி சந்திக்கும் ஒரு நிலை உண்டு. சுவிட்சைப் போட்டதும் வால்வுகள் மெல்லச் செந்நிறம் கொள்கின்றன. சற்று நேரத்தில் ஒலிபெருக்கி உயிர் பெறுகிறது. பேசுபவரின் குரல் குறையின்றிக் கேட்கிறது. ஆனால் திரையோ, எவ்வளவு நேரம் காத்திருந்தாலும், ஒளியின் சாயல்கூட இல்லாமல் இருண்டே கிடக்கிறது. இதைக் கண்டவுடன் பிக்சர் டியூப் போய்விட்டதென்று தீர்மானித்து, பெட்டியையே கழித்துக் கட்டிவிடும் வழக்கம் இன்றும் இருந்து வருகிறது. அந்தத் தீர்மானம் பெரும்பாலும் பிழையானது. டியூப் நன்றாகவே இருக்கும். அதற்குச் சேரவேண்டிய உயர் மின்னழுத்தம் மட்டும் சேராமல் நின்றுபோயிருக்கும். அது எங்கே, எதனால் நின்றது என்று கண்டுபிடிப்பது, நிதானமும் கிரமமும் உள்ளவனுக்குச் சாத்தியமான காரியமே.

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு குறிப்பிட்ட பெட்டியை முன்னிறுத்திப் பேசினால் விஷயம் தெளிவாகும் என்பதால், அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. கம்பெனியார் இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு ஆண்டாகிய 1946-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 630டிஎஸ் என்னும் பெட்டியையே எடுத்துக்கொள்கிறேன். பத்து அங்குல வட்டத் திரையும் முப்பது வால்வுகளும் கொண்ட அந்தப் பெட்டியின் அமைப்பை ஆர்.சி.ஏ. தன்னிடம் உரிமம் பெற்ற மற்ற உற்பத்தியாளர்களுக்கும் தயங்காமல் கொடுத்துவிட்டபடியால், அதே சுற்றமைப்பு வெவ்வேறு பெயர்ப் பலகைகளைத் தாங்கிக்கொண்டும், வீட்டிலேயே கூட்டிக்கொள்ளும் உதிரிப்பாகத் தொகுப்பாகவும், அந்நாட்டு வீடுகளில் பல ஆண்டுகள் பரவி நின்றது. அதன் பிக்சர் டியூபான 10பிபி4-க்கு வேண்டியது சுமார் 9,000 வோல்ட்.

இவ்வளவு பெரிய அழுத்தம் எதற்கு என்று கேட்கலாம். டியூபின் கழுத்தில் உள்ள துப்பாக்கியிலிருந்து புறப்படும் எலெக்ட்ரான்கள் வெறுமனே திரையை வந்து தொட்டால் போதாது. அங்கே பூசப்பட்டுள்ள பாஸ்பர் ஒளிரும்படி மோதவேண்டும். 9,000 வோல்ட் அழுத்தத்தால் இழுக்கப்படும் எலெக்ட்ரான், விநாடிக்கு ஐம்பத்தாறாயிரம் கிலோமீட்டர், அதாவது ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வேகத்தில் திரையில் வந்து விழுகிறது. அழுத்தம் குறைந்தால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் ஒளி மங்கும். அழுத்தம் அறவே இல்லையென்றால் இருள்தான்.

யுத்தத்துக்கு முந்திய பெட்டிகளில் இந்த அழுத்தத்தை உண்டாக்கிய முறை எளிமையானது, ஆனால் பயங்கரமானது. 1939-ஆம் ஆண்டு ஆர்.சி.ஏ. வெளியிட்ட டிஆர்கே-12 போன்ற பெட்டிகளில், சுவரிலிருந்து வரும் சாதாரண மின்சாரத்தையே ஒரு பெரிய டிரான்ஸ்பார்மரைக் கொண்டு ஆயிரக்கணக்கான வோல்ட்டுக்கு உயர்த்தி, ரெக்டிபயர் வால்வு வழியாக டியூபுக்கு அனுப்பினார்கள். அந்த டிரான்ஸ்பார்மர், தொட்டவனுடைய உடல் வழியாகவும் தயங்காமல் மின்னோட்டத்தைச் செலுத்திக்கொண்டே இருக்கக்கூடிய பலம் உடையது. ஆகையால் அப்பெட்டிகளில் கைபிசகினால் நேரக்கூடியது பிராணாபாயம். இதற்கு மாற்றாக, வானொலி அலை போன்ற வேகமான அதிர்வை உண்டாக்கி அதிலிருந்து உயர் அழுத்தம் எடுக்கும் வழியை ஆர்.சி.ஏ.யைச் சேர்ந்த ஆட்டோ ஷேட் என்னும் பொறியியல் நிபுணர் 1943-இல் விரிவாக எழுதினார். சிறிய திரையுள்ள சில பெட்டிகள் அவ்வழியைப் பின்பற்றின. 630டிஎஸ் பின்பற்றியதும், பின்னால் உலகம் முழுவதும் நிலைத்துவிட்டதும், மூன்றாவதான வேறொரு வழி. அதன் சூட்சுமத்தை அறிந்துகொண்டவனுக்குப் பழுது பார்ப்பதில் பாதி வேலை முடிந்தாற்போலத்தான்.

படத்தின் ஒவ்வொரு கோட்டையும் வரைவதற்காக எலெக்ட்ரான் கற்றையை இடமிருந்து வலமாக இழுத்துச் செல்வது, டியூபின் கழுத்தைச் சுற்றியிருக்கும் சுருள்களில் படிப்படியாக ஏறும் மின்னோட்டம். அமெரிக்க முறைப்படி விநாடிக்கு 15,750 கோடுகள். கோடு ஒன்றுக்குக் கிடைக்கும் நேரம் ஒரு விநாடியைப் பத்து லட்சமாகப் பிரித்ததில் 63 பங்குக்குச் சற்று அதிகம். கோடு வலக்கோடியை எட்டியதும், அந்த மின்னோட்டத்தைச் செலுத்திக்கொண்டிருந்த 6பிஜி6ஜி என்னும் வெளியீட்டு வால்வு சட்டென்று அடைக்கப்படுகிறது. வேகமாக ஓடிவரும் மாட்டுவண்டியைத் திடீரென்று நிறுத்தினால் உள்ளே உட்கார்ந்திருப்பவர் முன்னே தூக்கியெறியப்படுவதைப் போல, சுருளில் ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டம் வழி அடைபட்ட க்ஷணத்திலே, அதன் காந்தப்புலத்தில் சேர்ந்திருந்த சக்தியெல்லாம் பல ஆயிரம் வோல்ட் உயரமுள்ள ஒரு துடிப்பாக எழும்புகிறது. கற்றை மீண்டும் இடக்கோடிக்குப் பறந்து திரும்பும் அந்தச் சொற்ப நேரத்தில் எழும் துடிப்பு என்பதால், அதைத் தரும் டிரான்ஸ்பார்மருக்கு ஃப்ளைபேக் என்று பெயர்; நம் ஊர் மெக்கானிக்குகள் அதை இ.எச்.டி. என்றே சொல்லிப் பழகியவர்கள். ஃப்ளைபேக்கின் மேற்சுற்றுக்கள் அந்தத் துடிப்பை மேலும் உயர்த்துகின்றன. 1பி3ஜிடி என்னும் சிறு ரெக்டிபயர் வால்வு அதை ஒரே திசையில் ஓடும் மின்சாரமாக்கி டியூபுக்கு அனுப்புகிறது.

இந்த ஏற்பாட்டில் உள்ள சிக்கனம் வியக்கத்தக்கது. 1பி3ஜிடி வால்வின் இழைக்கு வேண்டிய ஒன்றேகால் வோல்ட்டைக்கூட, ஃப்ளைபேக்கின் இரும்பைச் சுற்றி ஓரிரு சுற்று கம்பியைப் போட்டு, அங்கிருந்தே எடுத்துக்கொள்கிறார்கள். துடிப்பு அடங்கும்போது எஞ்சும் சக்தியையும் வீணாக விடாமல், டாம்பர் என்னும் மற்றொரு வால்வு அதைப் பிடித்து ஒரு கண்டென்ஸரில் சேமித்து, வெளியீட்டு வால்வுக்கே கூடுதல் அழுத்தமாகத் திருப்பிக் கொடுக்கிறது. இதற்கு பூஸ்ட் என்று பெயர். ஆனால் இந்தச் சிக்கனமே பழுது பார்ப்பவனுக்குச் சோதனையாகவும் அமைகிறது. ஒன்றன் தயவில் மற்றொன்று வாழும் இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி விட்டாலும் முடிவு ஒன்றுதான்: திரை இருண்டுவிடும். உயர் அழுத்தம் தனக்கென்று ஒரு வீடு உடையதன்று; கோடு வரையும் வேலையின் பயனாகப் பிறப்பது. ஆதலால் அது காணாமற்போனால், அது கடைசியாக இருந்த இடத்தில் தேடாமல், பிறக்கத் தொடங்கும் இடத்தில் தேடவேண்டும் என்பதே நான் இக்கட்டுரையில் சொல்ல விரும்பும் முக்கிய விஷயம்.

தேடலைச் சொல்லுமுன் ஜாக்கிரதையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்; இதைப் படித்துவிட்டு யாரேனும் ஒருவர் திருப்புளியை எடுத்துக்கொண்டு பெட்டியின் பின்பலகையைக் கழற்றினால், அந்தப் பொறுப்பில் எனக்கும் பங்குண்டு. பிக்சர் டியூபின் கண்ணாடி, உட்புறமும் வெளிப்புறமும் மின்சாரம் கடத்தும் பூச்சுக்கொண்ட அளவில், தானே ஒரு கண்டென்ஸர். பிளக்கைப் பிடுங்கிய பின்பும் அதில் மின்னேற்றம் நெடுநேரம் தங்கியிருக்கும். நன்றாக உறையிட்ட கைப்பிடியுள்ள கம்பியைக் கொண்டு, இடையில் ஒரு பெரிய ரெஸிஸ்டரையும் வைத்து, அதைச் சேஸிஸுக்கு வடித்துவிட்ட பிறகே அருகில் செல்லவேண்டும். ஒருமுறை வடித்தபின் சிறிது மின்னேற்றம் மறுபடியும் ஊறுவதுண்டாகையால் இரண்டாம் முறையும் வடிப்பது நல்லது. ஃப்ளைபேக் தரும் அழுத்தத்தின் அதிர்ச்சி பெரும்பாலும் உதறித் தள்ளுவதோடு நிற்கும் என்று சொல்வார்கள். ஆனால் உதறிய கை டியூபின் கழுத்தில் பட்டால் கண்ணாடி உடைந்து உள்நோக்கி வெடிக்கும். கண்ணுக்குக் கவசம் இல்லாதவன் கண்ணையே இழக்கலாம். மேலும் ஆபத்து அதிகமாக இருப்பது அந்த 9,000 வோல்ட்டில் அன்று, பெட்டியின் மற்றப் பகுதிகளுக்கு ஊட்டும் முந்நூறு சொச்சம் வோல்ட்டில். அதற்குப் பின்னால் பெரிய டிரான்ஸ்பார்மரும் பெரிய கண்டென்ஸர்களும் நிற்கின்றன. டிரான்ஸ்பார்மரே இல்லாமல் சுவர் மின்சாரத்தை நேரே சேஸிஸில் இணைத்த பிற்கால மலிவுப் பெட்டிகளோ, ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் இன்றித் தொடவே கூடாதவை. மின்சாரம் ஓடும்போது ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வது என்ற பழைய சம்பிரதாயத்தை இன்றும் நான் மதிக்கிறேன்.

பல ஆண்டுகள் பரணில் கிடந்த பெட்டியை என்ன ஆகிறது பார்ப்போம் என்று மின்சாரத்தில் மாட்டுவது, நான் அறிந்தவரையில் மிக விலையுயர்ந்த அவசரம். அக்காலத்துக் கண்டென்ஸர்களில் பெரும்பாலானவை மெழுகு தோய்த்த காகிதத்தைச் சுருட்டிச் செய்தவை. காகிதம் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய கண்டென்ஸர் கசியும். வெளியீட்டு வால்வைக் கோட்டுக்குக் கோடு இயக்கும் ஆஸிலேட்டருக்கும் அந்த வால்வுக்கும் நடுவே பாலமாக இருக்கும் சிறு கண்டென்ஸர் கசிந்தால் விளையும் விபரீதத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரு மில்லியாம்பியரில் நூற்றில் ஒரு பங்கு மட்டுமே கசிந்து, வால்வின் கிரிட்டில் உள்ள பத்து லட்சம் ஓம் ரெஸிஸ்டர் வழியாக ஓடினாலும், மைனஸாக இருக்கவேண்டிய கிரிட் 10 வோல்ட் பிளஸ் பக்கமாக நகர்ந்துவிடும். வால்வு அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை இழுக்கும். அதன் பிளேட் செக்கச் சிவக்கும். அந்த மின்னோட்டம் முழுவதும் ஃப்ளைபேக்கின் மெல்லிய சுற்றுக்களைச் சூடாக்கி, அதன் மெழுகை உருக்கி, முடிவில் அதைக் கருக்கிவிடும். சில ரூபாய் பெறும் கண்டென்ஸர், வேறெங்கும் கிடைக்காத டிரான்ஸ்பார்மரைக் கொண்டுபோய்விடுகிறது. ஆகவே காகிதக் கண்டென்ஸர்களை எல்லாம் மாற்றி, உலர்ந்துபோன எலெக்ட்ரோலிட்டிக்குகளையும் மாற்றி, வயதேற ஏற ஓம் கூடிவிடும் கார்பன் ரெஸிஸ்டர்களை அளந்து பார்த்த பின்பே முதன்முதல் மின்சாரம் கொடுப்பது என்பது என் உறுதியான அபிப்பிராயம். பழைய உறுப்புகளை அப்படியே வைத்திருக்கவேண்டும் என்ற சேகரிப்பாளரின் ஆசை புரிகிறது. அத்தகையோர் பழைய உறையின் உள்ளே புதிய கண்டென்ஸரை ஒளித்து வைத்துத் தோற்றத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

இனித் தேடல். மின்சாரம் கொடுத்ததும் முதலில் பயன்படவேண்டிய உபகரணம் செவி. கோட்டு ஆஸிலேட்டர் வேலை செய்தால், ஃப்ளைபேக்கின் அதிர்வால் ஒரு மெல்லிய கீச்சொலி எழும். அமெரிக்கப் பெட்டியில் அது 15,750 அதிர்வு; 1975 ஆகஸ்டு 15-ஆம் தேதி தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சியின் முறையில் 15,625. நடுவயதைக் கடந்த காதுகளுக்கு அது எட்டாதாகையால் வீட்டுச் சிறுவர்களை அழைத்துக் கேட்கச் சொல்லலாம். அல்லது ஒரு மத்திய அலை ரேடியோவை அருகில் வைத்தால், அதன் முள்ளை நகர்த்துந்தோறும் கோட்டு அதிர்வின் இரைச்சல் இடைவிட்டு இடைவிட்டு வருவதிலிருந்தும் அறியலாம். இரைச்சல் இல்லையென்றால் ஆஸிலேட்டர் உறங்குகிறது என்று பெரும்பாலும் நம்பலாம்.

செவி அறிவித்ததை மீட்டர் உறுதி செய்யவேண்டும். வெளியீட்டு வால்வின் கிரிட்டில், அதன் காத்தோடைப் பொறுத்து, ஆஸிலேட்டர் உயிரோடு இருக்கும்போது இருபது முப்பது வோல்ட் அல்லது அதற்கும் மேற்பட்ட மைனஸ் அழுத்தம் காணப்படும். சரியான அளவைச் சர்வீஸ் குறிப்பில் பார்த்துக்கொள்வது உத்தமம். சேஸிஸைப் பொறுத்து என்னாமல் காத்தோடைப் பொறுத்து என்று சொன்னதற்குக் காரணம் உண்டு: சில பெட்டிகளில் அந்தக் காத்தோடே சேஸிஸுக்குக் கீழே பல வோல்ட் தாழ்ந்திருக்கும், அதை மறந்து அளந்தவர்கள் இல்லாத பழுதைத் தேடி அலைந்ததுண்டு. கிரிட்டில் மைனஸ் இல்லையேல் பழுது ஆஸிலேட்டர் பக்கம். 630டிஎஸ்ஸில் அது 6கே6ஜிடி வால்வும் அதைச் சார்ந்த சுருளும். அங்கே வேலை முடியும்வரை வெளியீட்டு வால்வைக் கழற்றி வைப்பதே தர்மம். கிரிட்டில் துடிப்பில்லாமல் அதை எரியவிட்டாலும், கண்டென்ஸர் கசியும்போது ஆவதைப் போலவே, பிளேட் சிவக்கும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அந்த வால்வின் தலையில் உள்ள பிளேட் தொப்பியில் சாதாரண மீட்டரை ஒருபோதும் வைக்கக்கூடாது. அங்கே எழும் துடிப்பு ஆயிரக்கணக்கான வோல்ட். மீட்டர் அத்துடன் மாண்டுவிடும்.

கிரிட்டில் துடிப்பு இருந்தும் திரை இருண்டிருந்தால், அப்பகுதிக்கு மின்சாரம் செல்லும் வழியிலுள்ள சிறிய ஃப்யூஸ் போயிருக்கிறதா, வெளியீட்டு வால்வின் ஸ்கிரீன் கிரிட்டுக்கு அழுத்தம் வருகிறதா, டாம்பர் வால்வு எரிகிறதா, பூஸ்ட் அழுத்தம் பிறக்கிறதா என்று பார்க்கவேண்டும். இவற்றுள் பூஸ்ட் அழுத்தம் மிக நம்பகமான சாட்சி. அது ஊட்டு அழுத்தத்தைவிட நன்றாக உயர்ந்து நின்றால் ஃப்ளைபேக்கும் டாம்பரும் தங்கள் கடமையைச் செய்கின்றன என்று பொருள். பழுது ரெக்டிபயர் பக்கம் ஒதுங்கிவிட்டது. அறையை இருட்டாக்கி 1பி3ஜிடி வால்வை உற்றுப் பார்த்தால் அதன் இழை மங்கலாகச் சிவந்திருப்பது தெரியும். அது சிவக்கிறதென்றால், தன்னைச் சூடாக்கும் துடிப்பு ஃப்ளைபேக்கில் இருக்கிறது என்று அந்த இழையே சொல்கிறது. நீளமான உறையிட்ட கோலின் நுனியில் ஒரு சிறு நியான் விளக்கைக் கட்டி ஃப்ளைபேக்குக்கு அருகில் கொண்டுபோனால் அது எங்கும் தொடாமலே ஒளிரும். திருப்புளியின் நுனியை அருகில் கொண்டுசென்று பொறி பறக்கிறதா என்று பார்க்கும் பழைய கடைக்காரர் வழக்கத்தை நான் ஆதரிக்கமாட்டேன். அந்தப் பொறி ஒவ்வொன்றும் பல பத்தாண்டு வயதான மெல்லிய கம்பிச் சுற்றைத் தாக்குகிறது. அளக்கவேண்டும் என்றால் அதற்கென்றே செய்யப்பட்ட உயர் அழுத்தப் புரோபைக் கொண்டுதான் அளக்கவேண்டும்.

பூஸ்ட் அழுத்தம் குறைந்தோ இல்லாமலோ இருந்தால், பூஸ்ட் கண்டென்ஸரும் கழுத்துச் சுருளும் ஃப்ளைபேக்கும் சந்தேகத்துக்கு உள்ளாகின்றன. கழுத்துச் சுருளிலோ ஃப்ளைபேக்கிலோ ஒரே ஒரு சுற்று மற்றொன்றோடு ஒட்டிக்கொண்டாலும் சக்தியெல்லாம் அங்கேயே வற்றிவிடும். ஆனால் ஓம்மீட்டரில் அது தெரியாது, ஏனெனில் பல நூறு சுற்றுக்களில் ஒன்று குறைந்தது முள்ளை அசைக்காது. சுருளுக்கு ஒரு சிறு துடிப்பைக் கொடுத்து, அது எத்தனை முறை அதிர்ந்து அடங்குகிறது என்று ஆஸிலாஸ்கோப்பில் பார்ப்பதே இதற்குத் தகுந்த பரீட்சை: நல்ல சுருள் மணியோசை போல நெடுநேரம் அதிரும், ஒட்டிய சுருள் உடனே ஊமையாகிவிடும். ஃப்ளைபேக்கைக் குற்றவாளி என்று சொல்வதற்கு முன் மற்ற அனைத்தையும் விசாரித்து முடித்திருக்கவேண்டும். கைக்கு எட்டும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலிலேயே அதன்மேல் பழி போடுவது பழுது பார்ப்போரிடம் பரவலாகக் காணும் குணம்.

உயர் அழுத்தம் இருந்தும் திரை இருளும் சந்தர்ப்பங்களும் உண்டு. அக்காலப் பிக்சர் டியூபுகளில் எலெக்ட்ரான்களோடு கனமான அயனிகளும் புறப்பட்டுத் திரையின் நடுவைக் கருக்கிவிடும் என்பதால், துப்பாக்கியையே சாய்வாக அமைத்து, கழுத்தின்மேல் ஒரு சிறு காந்தத்தை மாட்டி எலெக்ட்ரான்களை மட்டும் நேர்வழிக்குத் திருப்பினார்கள். பெட்டியைத் தூக்கி இறக்கும்போது அந்தக் காந்தம் விரற்கடை அளவு நகர்ந்தாலும் போதும், கற்றை கழுத்திலேயே முட்டி நின்றுவிடும், திரை இருண்டுவிடும். 9,000 வோல்ட்டும் செவ்வனே இருக்க, பெட்டி முழுவதையும் பிரித்துப்போட்டவர்கள் இந்தச் சிறு காந்தத்தை மறந்தவர்களே. வெளிச்சத்தைக் குறைவாக வைத்துக்கொண்டு, காந்தத்தை முன்னும் பின்னும் நகர்த்தியும் சுற்றியும், திரை அதிகமாக ஒளிரும் இடத்தில் நிறுத்தவேண்டும்.

அழுத்தம் அறவே இல்லாதபோது மட்டுமன்றி, நலிந்திருக்கும்போதும் அதன் லட்சணங்கள் திரையில் எழுதப்பட்டிருக்கும். வெளிச்சக் குமிழைத் திருப்பத் திருப்பப் படம் பெருத்துக்கொண்டே போய் மங்கினால், ரெக்டிபயர் வால்வு தளர்ந்துவிட்டது எனலாம். அழுத்தம் குறைந்த எலெக்ட்ரான் மெதுவாகச் செல்வதால் காந்தச் சுருள் அதை அதிகமாக வளைக்கிறது, அதனால்தான் படம் பெருக்கிறது. அழுத்தம் பாதியானால் படத்தின் அகலம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கை எட்டும். சீறும் ஓசையும், இருட்டில் நீல ஒளியும், இடி இடித்தபின் வரும் ஓஸோன் வாசனையும் இருந்தால், கூரிய ஈய முனையிலிருந்தோ தூசி படிந்த கம்பியிலிருந்தோ மின்சாரம் காற்றில் கசிகிறது; தூசியைத் துடைத்து, ஈயத்தை உருண்டையாக உருக்கிவிட்டால் பெரும்பாலும் நிவர்த்தியாகும்.

வண்ணப் பெட்டிகளின் விஷயம் வேறு. அவற்றில் அழுத்தம் இருபதாயிரத்தைத் தாண்டும். அளவு மீறிய எக்ஸ்-கதிர்கள் சில வண்ணப் பெட்டிகளிலிருந்து வெளிப்பட்டது 1967-இல் அமெரிக்காவில் பெரிய பிரச்சினையாகி, மறு ஆண்டே அதற்கென்று ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அழுத்தத்தைக் கூட்டினால் படம் பிரகாசிக்கும் என்று எண்ணி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் திருகுவதை எந்தப் பெட்டியிலும் செய்யக்கூடாது.

இத்தகைய பெட்டி உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ இருந்தால், அதை மின்சாரத்தில் மாட்டிப் பார்க்காமல், வால்வுச் சாதனங்களில் பழகிய ஒருவரிடம் முதலில் காட்டுங்கள். ஃப்ளைபேக் உண்மையாகவே கருகிவிட்டது என்று அவர் சொன்னாலும் அதைக் குப்பையில் போட்டுவிட வேண்டாம். புதிதாக இன்று எவரும் அதைத் தொழிற்சாலையில் செய்வதில்லை. பழையதன் இரும்பும் சட்டமும் அளவுகளும் கையில் இருந்தால்தான் வேறொருவர் அதன்மேல் கம்பியைப் புதிதாகச் சுற்றித் தர முடியும்.